கடைசி நாள் டைவ், அன்னைக்கே சீப்ளேன், கூடவே காது வலி

ப்ரோ, மாலத்தீவுலருந்து கிளம்புற அன்னைக்கு காலைல ஒரு ஸ்கூபா டைவ் (சிலிண்டர் மாட்டிட்டு கடலுக்குள்ள இறங்குறது) போட்டுட்டு மதியம் சீப்ளேன் (தண்ணியில இறங்கி ஏறுற குட்டி விமானம்) ஏறலாமான்னு கேட்டிருக்கீங்க, வேணவே வேணாம். கீழ இருக்கும்போது உடம்புல கரைஞ்ச நைட்ரஜன், மேல பறக்கும்போது அழுத்தம் குறைஞ்சா குமிழியாகி மூட்டு, நரம்புன்னு எங்க வேணா வேலைய காட்டும். ஒரே டைவ்னா பறக்குறதுக்கு முன்னாடி குறைஞ்சது 12 மணி நேரம் இடைவெளி விடணும், நாலு நாள் தொடர்ந்து பண்ணா 18, நான் 24 விட்டுடுவேன். சீப்ளேன் தாழத்தானே பறக்குதுன்னு சமாதானம் சொல்லிக்காதீங்க, அதுவும் ஃப்ளைட்தான்.

அந்த கடைசி நாள் வேஸ்ட் ஆகாது. நீங்க போறது பா அட்டோல்ங்கற பவளத் தீவுக்கூட்டம், அதுவும் ஆகஸ்ட், அங்க இருக்கற ஹனிஃபாரு பேங்கற விரிகுடாவுக்கு போயிடுங்க. அங்க ஸ்கூபாவே கூடாது, ஸ்நார்க்கல் (மூச்சுக்குழாய் வச்சு மேலாப்புல மிதக்குறது) மட்டும்தான், மாண்டா திருக்கைங்க ப்ளாங்க்டன்ங்கற நுண்ணுயிருங்கள திங்க வாயப் பொளந்துகிட்டு நேரா நம்ம மூஞ்சிக்கு வந்து கடைசி செகண்ட்ல கீழ வழுக்கிட்டுப் போகும், அப்ப உங்க கைகால் எங்க இருக்குன்னே மறந்துடும். தொட மட்டும் தொடாதீங்க.

பூல்ல 2 மீட்டர்லயே காது வலிச்சுதுன்னீங்களே, வலிச்சப்புறம் மூக்க பிடிச்சு ஊதுனா லேட்டு. தண்ணிக்கு மேலயே ஒருவாட்டி ஊதிடுங்க, அப்புறம் ஒவ்வொரு அரை மீட்டருக்கும், மெதுவா. கால் கீழ இருக்கற மாதிரி கயித்த பிடிச்சு இறங்குங்க. அடைச்சா கொஞ்சம் மேல ஏறுங்க, பலமா ஊதாதீங்க, நான் அப்படி ஊதி மூணு நாள் செவிடனா சுத்துனேன். சளி இருந்தா அன்னைக்கு டைவ் கேன்சல். முடிஞ்சா கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு ஈஎன்டி டாக்டர்ட்ட காட்டிடுங்க.