ஓதம் ஏறும் பழைய சுவரில் டைல்ஸ் ஒட்டலாமா?

கேள்வி: காரைக்குடி பக்கம் எங்கள் பூர்வீக வீட்டுக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. வளவின் (முற்றத்தைச் சுற்றியுள்ள உள்கட்டின்) உட்சுவரில் கீழே காரை உதிர்ந்ததால் சில வருடங்களுக்கு முன் சிமென்ட் பூசினோம். இப்போது அதற்கு மேலே ஓதம் ஏறி, பழைய முட்டைப் பூச்சும் (முட்டை வெள்ளைக்கரு சேர்த்து வழவழப்பாக இழைத்த சுண்ணாம்புப் பூச்சு) பொரிந்து கொட்டுகிறது. நாலடிக்கு டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார் ஒப்பந்ததாரர். செய்யலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். ஒட்டினால் ஓதம் நாலடியையும் தாண்டிப் போகும். மிச்சமிருக்கும் முட்டைப் பூச்சும் போய்விடும், அதை அதே நேர்த்தியில் திரும்பப் பூசக்கூடிய கைகள் இன்று மிகக் குறைவு.

அந்தக் காலச் சுவர்களில் ஓதத் தடுப்பு அடுக்கு கிடையாது. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புக் காரை வழியாகவே ஆவியாகிப் போய்க்கொண்டிருந்தது. சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. ஈரம் வெளியேற இடம் தேடி மேலே ஏறுகிறது, கூடவே வரும் உப்பு பூச்சுக்கு உள்ளே படிகமாகி அதை வெளியே தள்ளுகிறது.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தெருவுக்கு சிமென்ட் சாலை போட்டுப் போட்டு மட்டம் உயர்ந்திருக்கிறதா, முற்றத்துத் தண்ணீர் ஒழுங்காக வெளியேறுகிறதா, சுவரை ஒட்டிக் குழாய் கசிகிறதா? இதைச் சரிசெய்யாமல் பூச்சில் கைவைப்பது வீண் செலவு.

அப்புறம் சிமென்ட்டைக் கையுளியால் மெதுவாகக் கொத்தி எடுக்கச் சொல்லுங்கள். இயந்திரம் வைத்தால் செங்கல் உடையும், மேலே இருக்கும் பூச்சும் அதிரும். பழைய சுண்ணாம்புப் பூச்சில் விரலால் தட்டிப் பார்த்து, பொள்ளென்று சத்தம் வரும் இடத்தை மட்டும் எடுத்தால் போதும். வெளியே பூக்கும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளுங்கள். கழுவினால் உப்பு திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். ஒரு கோடை முழுக்க அப்படியே காயட்டும். பார்க்க அசிங்கமாக இருக்கும்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலம் முடிந்து தை, மாசியில் பூசலாம். நீற்றித் தண்ணீருக்கடியில் வைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய மணல் மூன்று பங்கு. ஈரம் தீராத இடத்தில் மணலில் கொஞ்சம் குறைத்து நன்றாக வெந்த செங்கல் தூள் சேருங்கள், ஈரத்திலும் இறுகும். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் சேர்ப்பது நம் ஊர் வழக்கம். அனுபவமுள்ள கொத்தனார் கிடைத்தால் அளவை அவரிடம் விடுங்கள். முதலில் ஒரு சதுர அடி பூசிக் காட்டச் சொல்லிப் பாருங்கள். “கெட்டியாக இருக்க ஒரு சட்டி சிமென்ட் போடுவோம்” என்றால் மட்டும் விடாதீர்கள்.

சுவரை நனைத்து, அரை அங்குலத்துக்கு மிகாத அடுக்குகளாகப் பூச வேண்டும். ஓர் அடுக்கு இறுகிய பிறகே அடுத்தது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துத்தான் கல்லாகிறது, அதற்கு ஈரமும் வேண்டும். ஈரச்சாக்கு தொங்கவிட்டுச் சில நாள் காப்பாற்றுங்கள். முழுமையாக இறுக மாதங்கள் ஆகும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, வேலையாட்களுக்குக் கண்ணாடி வாங்கிக்கொடுங்கள்.

கடைசியில் பட்டி, எமல்ஷன் எதுவும் வேண்டாம். அவையும் ஈரத்தை அடைக்கும். வெறும் சுண்ணாம்பு வெள்ளையடிப்பு, மெல்லியதாக மூன்று கை.