சாக்லேட் கொடுத்த அம்மா

கேள்வி: முட்டாளால் அவனுக்குத்தானே நஷ்டம்? அயோக்கியனைத் திட்டுங்கள், நியாயம். அப்பாவி முட்டாளை ஏன் சார் இதழுக்கு இதழ் வறுத்தெடுக்கிறீர்கள்?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: 'அப்பாவி' என்ற சொல்லை நான் வேறொருவருக்காக எடுத்து வைத்திருக்கிறேன். 2018 மே மாதம், சென்னையைச் சேர்ந்த 65 வயது அம்மா ஒருவர் உறவினர்களோடு காரில் குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பினார். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே வண்டியை நிறுத்தி வழி கேட்டார்கள். அங்கே இருந்த குழந்தைகளுக்கு அந்த அம்மா சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான். பிள்ளை பிடிக்கிற கும்பல் என்று கூட்டம் திரண்டு அடித்ததில் செத்தே போனார். கூட வந்தவர்களுக்கும் பலத்த காயம்.

வழிப்பறித் திருடனிடம் சிக்கியிருந்தால் கழுத்துச் சங்கிலியைப் பறித்ததோடு விட்டிருப்பான். இவர்கள் ஊர்ப் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்றல்லவா அடித்தார்கள்! நல்லது செய்கிறோம் என்று நம்புகிறவன் எங்கே நிறுத்துவான்?

எல்லாம் வாட்ஸ்அப் கிளப்பிவிட்ட பீதி. அந்த ஆண்டு நாடெங்கும் சுற்றிய ஒரு வீடியோவில், பைக்கில் வருகிறவர்கள் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிப் போவார்கள். அது கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் அவர்களே குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, பிள்ளைகள் மேல் கவனம் இருக்கட்டும் என்று அட்டை பிடித்துக் காட்டுவார்கள். அந்த வாலை நறுக்கியவன் அயோக்கியன், ஒப்புக்கொள்கிறேன். மிச்ச வேலை முழுக்க உங்கள் அப்பாவிகளுடையது.

முன்பெல்லாம் நோட்டீஸ் வரும். இதைப்போல் 1000 அச்சடித்துக் கொடுத்தவருக்கு லாட்டரி விழுந்தது, கிழித்துப் போட்டவர் ரத்தம் கக்கிச் செத்தார் என்று. நடுநடுங்கிப் போனவன்கூட அச்சகத்தில் ரேட்டைக் கேட்டதும் கொஞ்சம் தெளிவான். இப்போதுதான் எல்லாம் ஓசியாயிற்றே! 2018 ஜூலையில், இந்தியாவில் ஒரே நேரத்தில் 5 பேர் அல்லது குரூப்புகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்பாடு வைப்பதாக வாட்ஸ்அப் அறிவித்தது. சரி, 5 பேருக்கு அனுப்பிவிட்டு இன்னொரு 5 பேருக்கு அனுப்ப எவ்வளவு நேரமாகும்?

அப்புறம், உங்கள் கேள்வி வந்த அதே நம்பரிலிருந்து மறுநாள் கொத்தமல்லித் தண்ணீரில் கிட்னி கல் கரைந்து ஓடும் என்று ஒரு செய்தி வந்திருந்தது. 'உடனே பகிருங்கள், ஓர் உயிரைக் காப்பாற்றலாம்' என்று கீழே போட்டிருந்தது. நான் இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை.