கேள்வி நேரம்: கால் எரிச்சலுக்குக் கடை மாத்திரை போதுமா?

கேள்வி: அக்கா, எங்கள் அம்மாவுக்கு 66 வயது. பல வருடமாக இனிப்புநீர், மெட்ஃபோர்மின் சாப்பிடுகிறார். அப்பா தவறியதிலிருந்து முழுச் சைவம். இப்போது ராத்திரியானால் பாதம் எரிகிறது என்கிறார், நடக்கும்போது சிலிப்பர் கழன்று விழுந்தாலும் அவருக்குத் தெரிவதில்லை. டவுன் மருந்துக்கடையில் நரம்புக்கு நல்லது என்று ஒரு பி மாத்திரை கொடுத்தார்கள். அதையே தொடரலாமா?
- வாசகி, பகாவ்

பதில்: இப்போதைக்கு அந்த மாத்திரையைத் தள்ளி வையுங்கள். முதலில் ரத்தப் பரிசோதனை. அரசாங்கக் கிளினிக்கில் அம்மாவுக்கு எப்படியும் இனிப்புநீர் அப்பாயின்மென்ட் இருக்கும், அடுத்த தேதிவரை காத்திருக்காமல் முன்னாடியே போய், "பி12 எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும்" என்று நீங்களே வாய் திறந்து கேளுங்கள். மாத்திரையை விழுங்கிக்கொண்டே பரிசோதித்தால் ரத்தத்தில் அளவு ஏறித் தெரியும், குறை இருந்தாலும் மறைந்துபோகும். ஏற்கெனவே எத்தனை சாப்பிட்டார் என்பதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பி12 குறைந்தாலும் நரம்பு கெட்டுப் பாதம் எரியும், அது குறைய உங்கள் அம்மாவிடம் மூன்று காரணம் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. மெட்ஃபோர்மினை வருடக்கணக்கில் சாப்பிட்டால் குடல் பி12-ஐ உறிஞ்சுவது குறையும். பி12 மீன், முட்டை, இறைச்சி, பால் இவற்றில்தான் உண்டு, கீரையிலும் பருப்பிலும் கிடையாது. வயது ஏறினால் வயிற்று அமிலமும் குறைகிறது, உணவிலிருந்து பி12-ஐப் பிரித்தெடுக்க அந்த அமிலம் வேண்டும். இத்தனைக்கும் ஒரு நாளைக்குத் தேவை வெறும் 2.4 மைக்ரோகிராம். கல்லீரல் அதைச் சில வருடத்துக்குச் சேமித்து வைத்திருக்கும், அதனால்தான் சைவமாக மாறி வெகுநாள் கழித்துக் குறை தலைகாட்டுகிறது, யாரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

எரிச்சலுக்கு இனிப்புநீரே காரணமாகவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அப்புறம் கடை மாத்திரை விஷயம். நரம்புக்கு என்று விற்கிற சிலவற்றில் பி6 மிக அதிகமாக இருக்கும். அதை மாதக்கணக்கில் விழுங்கினால் அதுவே கைகால் மரமரப்பைக் கொண்டுவரும். மரமரப்புக்குச் சாப்பிட்ட மாத்திரையே மரமரப்பைத் தருவது, பிறகு அதற்காக இன்னும் இரண்டு மாத்திரை! ஃபோலிக் ஆசிட் என்ற இன்னொரு பி வைட்டமினை மட்டும் தனியாகக் கொடுப்பதும் ஆபத்து, ரத்தசோகை சரியானதுபோல் காட்டும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும்.

பி12 குறைவு என்று வந்தால் ஊசியோ அதிக அளவு மாத்திரையோ டாக்டர் தருவார். மெட்ஃபோர்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பாலும் தயிரும் அம்மாவுக்கு ஒத்துக்கொண்டால் தினமும் கொடுங்கள், முட்டைக்குச் சம்மதிப்பாரா என்று பேசிப் பாருங்கள். சிலிப்பர் கழன்றது தெரியவில்லை என்றால் முள் குத்தினாலும் தெரியாது. ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள், வாசலுக்குப் போனாலும் வெறுங்காலோடு விடவேண்டாம்.

கேள்வி: "அந்தக் காலத்தில் எஸ்டேட்டில் கஞ்சியைக் குடித்துவிட்டு மரம் வெட்டினார்கள், பி வைட்டமினா தேடினார்கள்?" என்று என் அப்பா கிண்டல் செய்கிறார். என்ன பதில் சொல்வது?
- வாசகர், பகாவ்

பதில்: அப்பா பாதி சரி. அந்தக் கஞ்சி எந்த அரிசியில் காய்ச்சியது என்று மட்டும் கேளுங்கள். நம் ஆட்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடும், பிறகு தீட்டினாலும் முழுதாகப் போகாது. அதே மலாயாவில் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் தீட்டிய வெள்ளை அரிசியைச் சாப்பிட்டு, கால் வீங்கி, நடை தளர்ந்து, நெஞ்சு அடைத்து, பி1 குறைவால் வரும் பெரிபெரி நோயில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். தொற்றுநோய் என்றுகூடப் பலர் நினைத்தார்கள்.

இதை அவிழ்த்ததில் உங்கள் மாநிலத்துக்கே பங்கு உண்டு. கோலாலம்பூரில் 1900-இல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலானில் ரோடு போட வந்த ஜாவா தொழிலாளர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வெள்ளை அரிசியும் மற்றதற்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார்கள். வெள்ளை அரிசிக்காரர்களுக்குத்தான் நோய் வந்தது. அரிசியை மாற்றிக் கொடுத்ததும் நோயும் இடம் மாறியது. கூலிகளைச் சோதனைக்கு வைத்ததை இன்று யாரும் ஏற்கமாட்டார்கள், நானும்தான். ஆனால் 1909-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு பல உயிரைக் காப்பாற்றியது. வைட்டமின் என்ற பெயரே 1912-இல்தான் வந்தது.

இன்று வெள்ளைச் சோற்றோடு மீன், கச்சான், முட்டை, கீரை என்று கலந்து சாப்பிடுகிறவருக்குப் பெரிபெரி வராது. ஆனால் பி1 தண்ணீரில் கரையும். அரிசியை நாலு தண்ணீர் கழுவி, கஞ்சியையும் வடித்துக் கொட்டினால் மிச்சம் என்ன இருக்கும்?

கேள்வி: என் மாமா சம்சு சாராயத்துக்கு அடிமை. சோறே இறங்குவதில்லை. பி காம்ப்ளெக்ஸ் வாங்கிக் கொடுத்தால் போதுமா?
- பெயர் வேண்டாம், ரொம்பின்

பதில்: போதாது. மது பி1-ஐ உடம்பு உறிஞ்ச விடாது, உடம்பில் இருப்பும் சில வாரத்துக்குத்தான் தாங்கும். குடிக்காத நேரத்திலும் தள்ளாடுவது, கண் இரட்டையாகத் தெரிவது, இடம் நேரம் புரியாமல் பேசுவது இதில் ஏதாவது இருந்தால் போதை என்று படுக்க வைத்துவிடாதீர்கள், உடனே ஆஸ்பத்திரி. அங்கே பி1 ஊசி போடுவார்கள். மாமா எவ்வளவு குடிக்கிறார் என்பதை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், அது தெரிந்தால்தான் அவர்கள் சரியாகப் பார்க்க முடியும். குடியைத் திடீரென்று நிறுத்த வைப்பதும் ஆபத்து, அதையும் டாக்டர் துணையோடு செய்யுங்கள்.

கேள்வி: பி மாத்திரை போட்டால் சிறுநீர் மஞ்சளாகப் போகிறதே, கிட்னி கெட்டுவிட்டதா?
- வாசகர், பகாவ்

பதில்: இல்லை தம்பி. அது பி2-வின் நிறம். உடம்புக்கு வேண்டாத மிச்சம் வெளியே போகிறது, காசும் கூடவே போகிறது.