போருக்குப் போய்த் திரும்பாத தாத்தாக்கள்: கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஏரியிலும் பாலாற்றிலும் வலை வீசிய குடும்பங்களில் இருந்து, இரண்டு உலகப் போர்களில் இறந்தவர்களைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

ஐயா, எங்கள் செம்படவர் சமூகத்தில் போரில் இறந்தவர்கள் பட்டியல் எங்கே கிடைக்கும்? (காட்பாடி)

சாதியை வைத்துத் தேடினால் ஒன்றும் நகராது தம்பி, ஊரைப் பிடியுங்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் இரண்டு போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேர் இருக்கிறார்கள். பெயர், படை எண், படைப்பிரிவு, இறந்த தேதி இருக்கும். நம்மவர்கள் பலருக்கு அப்பா பெயரும் ஊரும்கூட இருக்கும். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக அடித்துப் பாருங்கள். வாலாஜாவையும் குடியாத்தத்தையும் வெள்ளைக்காரக் குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். மாவட்டத்திலும் கவனம் வேண்டும்: 1911 வரை சித்தூர் வட ஆற்காட்டில் இருந்தது, திருப்பத்தூர் சேலத்தில் இருந்தது. கிடைத்த பெயர்களை எடுத்துக்கொண்டு ஊர்ப் பெரியவர்களிடம் போய் உட்காருங்கள். யார் எந்த வீட்டுப் பிள்ளை என்று அவர்கள்தான் சொல்ல முடியும்.

வீட்டில் வட்டமாக ஒரு வெண்கலத் தட்டு இருக்கிறது. ஒரு பெண், ஒரு சிங்கம். பாட்டி அதில் திருநீறு வைத்திருந்தார். அது என்ன? (ஆற்காடு)

முதலில், புளி போட்டுத் தேய்க்காதீர்கள் அம்மா! முதல் உலகப் போரில் இறந்தவர்களின் குடும்பத்துக்குக் கொடுத்த நினைவுத் தகடு அது. குறுக்களவு 12 சென்டிமீட்டர் இருக்கும். பிரிட்டானியா என்ற பெண் உருவம், சிங்கம், மேலே இரண்டு டால்பின்கள் (நம்ம ஆட்களுக்குப் பொருத்தம்தான்). ஒரு சிறு கட்டத்துக்குள் இறந்தவரின் பெயர் புடைப்பெழுத்தில் இருக்கும். ஆனால் பதவியோ படை எண்ணோ அதில் இருக்காது. அதற்குப் பதக்கம் வேண்டும். பெட்டியின் அடியில், பழைய துணி மூட்டையில் தேடுங்கள். வெள்ளிப் பதக்கம் கிடைத்தால் முகத்தை விட்டுவிட்டு விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். எண், பெயர், படைப்பிரிவு எல்லாம் அந்த மெல்லிய விளிம்பில்தான் பொறித்திருப்பார்கள்.

இறந்த தேதி யாருக்கும் தெரியவில்லை. வருஷம் மட்டும் 1943 என்கிறார்கள். (ஆரணி)

திவசம் எப்போது கொடுக்கிறீர்கள்? மாசம், பட்சம், திதி மூன்றும் சொல்ல முடிந்தால், அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தை வைத்து ஒன்றிரண்டு நாளுக்குள் பிடித்துவிடலாம். தந்தி வந்த நாளையே திதியாக எடுத்துக்கொண்ட குடும்பங்களும் உண்டு, அதனால் சில வாரங்கள் முன்னாலும் தேடுங்கள். மகாளய அமாவாசைக்கு மட்டும் கொடுப்பதாக இருந்தால், அன்றைக்கே வீட்டில் தேதி தெரியாமல் இருந்திருக்கலாம்.

இராக்கில் இருக்கும் பாஸ்ரா போர் நினைவுச் சின்னத்தில் கொள்ளுத் தாத்தா பெயர் இல்லையாமே? (சோளிங்கர்)

இருக்காது. வெள்ளைக்காரர்கள் பெயரைச் செதுக்கிவிட்டு, இந்தியச் சிப்பாய்களைப் படைப்பிரிவுக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கையில் முடித்துவிட்டார்கள். பெயர்கள் பதிவேட்டுக்குப் போயின. எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு. முதல் போரில் இறந்த 45,000 முதல் 54,000 பேர் வரை, பெரும்பாலும் இந்தியரும் ஆப்பிரிக்கரும், சமமாக நினைவுகூரப்படவில்லை என்று ஆணையமே 2021இல் ஒப்புக்கொண்டது. இணையப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

என் மாமனார் வழித் தாத்தா கடலூர்க்காரர். சிப்பாய் இல்லை, சரக்குக் கப்பலில் வேலை செய்தவர். (வேலூர்)

இரண்டாம் போர் என்றால் மும்பை, சிட்டகாங் நினைவேடுகளில் அவர் பெயர் இருக்க வாய்ப்பு உண்டு. அதே இணையப் பட்டியலில் வணிகக் கப்பற்படை என்று தேர்ந்தெடுத்துத் தேடலாம். கப்பலின் பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் உள்ள முதல் உலகப் போர்க் கல்வெட்டில் பெயர்கள் உண்டா? (சத்துவாச்சாரி)

பெயர் கிடையாது. எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்ற கணக்கு மட்டும்தான். பல கிராமங்களிலும் இதே மாதிரிக் கல் பதித்திருக்கிறார்கள். உங்கள் ஊரில் ஒன்று இருந்தால் அந்த இறந்தோர் கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைத்த பெயர்களை அதில் கழித்தால், இன்னும் எத்தனை பேரைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும்.