கஞ்சிப் பானை தாங்கும் கராஜ் தட்டு

கேள்வி: ஐயா, ஆடிக் கஞ்சிக்குப் புழங்கும் பெரிய பானைகளையும் மடக்கு நாற்காலிகளையும் வைக்க, கராஜ் சுவரில் இரும்பு பிராக்கெட் அடித்துப் பலகை போட்டோம். மூன்றே மாதத்தில் மேல் ஸ்குரூ எல்லாம் பிளாஸ்டிக் பிளக்கோடு உருவிக்கொண்டு விழுந்துவிட்டது. பிள்ளைகள் பக்கத்தில் இல்லை. சுவரில் குறையா, வேலையில் குறையா?
– ஒரு வாசகி, ஃபீனிக்ஸ், டர்பன்

பதில்: பிள்ளைகள் பக்கத்தில் இல்லை என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது அம்மா. மேல் ஸ்குரூ உருவியது என்கிறீர்களே, காரணம் அதிலேயே இருக்கிறது. முன் விளிம்பில் பானை உட்கார்ந்தால், பிராக்கெட் கீழ்முனையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு மேல்முனையை நெம்பும். நேர்கீழ் பாரத்தைத் தாங்கும் பிளக், ஓயாத இழுப்பைத் தாங்காது. நாற்பது வருஷத் தச்சு வேலையில் இதை எத்தனையோ வீட்டில் பார்த்துவிட்டேன்.

அதனால் இழுப்பே இல்லாமல் செய்துவிடுங்கள். பின்னால் சுவரோடு 38க்கு 114 மில்லிமீட்டர் பைன் சட்டம், முன்னால் அதே அளவில் இன்னொன்று, அதற்குத் தரையிலிருந்து மூன்று கால்கள். பாதிப் பாரம் தரைக்குப் போய்விடும். மீதி சுவரில் நேராக இறங்கும். இரண்டு சட்டத்துக்கும் நடுவே 600 மில்லிமீட்டருக்கு ஒரு குறுக்குக் கட்டை. 2440க்கு 1220 பிளைவுட்டை நீளவாக்கில் அறுத்தால் இரண்டு தட்டு கிடைக்கும். 18 மில்லிமீட்டருக்குக் குறைந்த பிளைவுட் வேண்டாம்.

சுவர்ச் சட்டம்தான் உயிர். ரசமட்டம் பிடித்துக் கோடு போட்டு, இறுக்க இறுக்கத் துளைக்குள் விரிந்து பிடிக்கும் 10 மில்லிமீட்டர் ரால் போல்ட்டை 600க்கு ஒன்றாக இறக்குங்கள். டிரில் ஓடும்போது தூளையே பாருங்கள். முதலில் பூச்சின் சாம்பல் தூள்; அப்புறம் சிவந்தால் செங்கல். சாம்பலாகவே மெத்தென்று இறங்கினால் சாந்து இணைப்பு, துளையை நகர்த்துங்கள். பொசுக்கென்று உள்ளே போனால் ஹாலோ பிளாக், அதாவது உள்ளே பொந்து விட்ட கல். அதில் ரால் போல்ட் பிடிக்காது. வலைக்குழாய் செருகிப் பசை ஊற்றி இறுக்கும் வகை வேண்டும்.

பூச்சைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சட்டம் 38, பூச்சு 15, செங்கல்லுக்குள் 50. நூறைத் தாண்டிய போல்ட்டாக, துத்தநாகம் பூசியதாக வாங்குங்கள். நம் கடல் காற்று வெறும் இரும்பைத் தின்றுவிடும். துளைத் தூளை சைக்கிள் பம்பால் ஊதி எடுங்கள். தூள் உள்ளே தங்கினால் போல்ட் வழுக்கும்.

பானைகள் இடுப்பு உயரத்தில், நாற்காலிகள் மேல்தட்டில்.

கரையான் தொல்லை நமக்குத் தெரிந்ததுதானே, பச்சை சாயல் ஏறிய மருந்து மரமே வாங்குங்கள். அறுக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள். மீந்த துண்டுகளை மட்டும் தயவுசெய்து கஞ்சி அடுப்பில் வைத்துவிடாதீர்கள். அந்த மருந்தில் ஆர்சனிக் உண்டு. புகையும் விஷம், சாம்பலும் விஷம். அடுப்புக்கு வேறு விறகு பாருங்கள்.