பேஸ்பால் அணிகள் புதிய இளம் வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நாளில் ரசிகர்கள் ஏன் அவ்வளவு கோபப்படுகிறார்கள்? அந்தக் கோபத்தில் நியாயம் உண்டா?

நியாயம் உண்டு; ஆனால் அது சேர வேண்டிய இடம் பெரும்பாலும் வேறு. தங்கள் அணி தேர்ந்தெடுத்த பதினெட்டு வயது இளைஞரின் ஆட்டத்தை அன்றைய தினம் வரை பெரும்பாலான ரசிகர்கள் ஒரு முறைகூட முழுதாகப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது தங்கள் அணியின் உரிமையாளரும், அவர் பணத்தைச் செலவிடும் விதமும், அதனால் கடந்த ஆண்டுகளில் பட்ட ஏமாற்றங்களும்தான். எனவே, ஒரு பெயர் அறிவிக்கப்பட்டவுடன் எழுகிற கூச்சல் அந்த இளைஞரின் திறமையைப் பற்றியதாகத் தோன்றினாலும், "இருந்தவர்களில் சிறந்தவரை எடுத்தார்களா, மலிவானவரை எடுத்தார்களா?" என்ற ஒரே கேள்விதான் அதன் அடியில் இருக்கிறது. மினசோட்டாவில் குடியேறிய நாளிலிருந்து ட்வின்ஸ் அணியைப் பின்தொடர்பவன் என்ற முறையில், அந்த அணியின் இரண்டு தேர்வுகளை முதன்மையாக வைத்து இதற்குப் பதில் சொல்கிறேன்.

முதலில் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1965இல் தொடங்கிய இந்த டிராஃப்ட் ஏலமன்று. முந்தைய ஆண்டில் மோசமாக ஆடிய அணிகள் முதலில் தேர்ந்தெடுக்கும். 2023 முதல், முதல் ஆறு இடங்களைக் குலுக்கல் முறையில் தீர்மானிக்கிறார்கள். அமெரிக்கா, கனடா, புவேர்ட்டோ ரிக்கோ ஆகிய இடங்களில் பள்ளி முடித்தவர்களும் கல்லூரியில் ஆடுபவர்களும் இதில் அடங்குவர். ஓர் அணி ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டால் வேறெந்த அணியும் அவருடன் பேச முடியாது. அவரோ அந்த அணி தரும் போனஸ் தொகையை ஏற்க மறுத்துக் கல்லூரிக்குப் போகலாம், அல்லது பின்னொரு ஆண்டில் மீண்டும் டிராஃப்டுக்கு வரலாம். அமெரிக்கக் கால்பந்திலும் கூடைப்பந்திலும் தேர்வானவர் அதே ஆண்டில் களத்தில் இறங்கிவிடுகிறார். பேஸ்பாலில் மூன்று நான்கு ஆண்டுகள் கீழ்மட்டமான மைனர் லீக் ஊர்களில் ஆடித் தேற வேண்டும்; தேர்வானவர்களில் பெரும்பாலோர் உச்ச மட்டமான மேஜர் லீக்கை எட்டுவதே இல்லை. அதாவது, ரசிகர் தன் தீர்ப்பைச் சரிபார்த்துக்கொள்ள நெடுங்காலம் காத்திருக்க வேண்டும், ஆனால் கோபம் அன்றிரவே வந்துவிடுகிறது.

இனி 2001ஆம் ஆண்டுக்கு வருகிறேன். ட்வின்ஸ் அணி 1993 முதல் 2000 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து வெற்றிகளைவிடத் தோல்விகளையே அதிகம் கண்டிருந்தது. வங்கித் தொழிலில் பெரும் செல்வம் சேர்த்த கார்ல் போலாட் உரிமையாளராக இருந்தும், வீரர்களுக்கான சம்பளச் செலவில் அணி கடைசி வரிசையில்தான் இருந்தது. டிராஃப்டிலும் பழைய காயங்கள் ஆறவில்லை. 1983இல் நாட்டிலேயே முதலாவதாகத் தேர்ந்தெடுத்த டிம் பெல்சருடன் அணியால் ஒப்பந்தம் செய்துகொள்ள முடியவில்லை. 1996இல் இரண்டாவதாகத் தேர்ந்தெடுத்த டிராவிஸ் லீக்கு முறையான ஒப்பந்தத்தை உரிய நாளுக்குள் அனுப்பாததால், அவர் விதியின்படி விடுதலை பெற்று அரிசோனா அணியிடம் ஒரு கோடி டாலர் பெற்றுக்கொண்டு போய்விட்டார். இவற்றையெல்லாம் பார்த்துச் சலித்திருந்த ரசிகர்களுக்கு 2001இல் மீண்டும் முதலிடத் தேர்வு வாய்த்தது. அந்த ஆண்டு தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் மார்க் பிரையர் என்ற பிட்சர் (பந்து வீசுபவர்) ஆடிக்கொண்டிருந்தார். கல்லூரி பேஸ்பால் கண்ட தலைசிறந்த பிட்சர் அவர்தான் என்று பலரும் எழுதிக்கொண்டிருந்தனர். ட்வின்ஸ் அணியும் நெடுங்காலத்திற்குப் பின் வெல்லத் தொடங்கியிருந்த பருவம் அது. பிரையர் விரைவிலேயே மேஜர் லீக்கில் பந்து வீசத் தயாராவார் என்பதால் அவருடைய பெயரைத்தான் எல்லோரும் எதிர்பார்த்தனர்.

அணி தேர்ந்தெடுத்தது ஜோ மாவரை. செயின்ட் பால் நகரில் பிறந்து வளர்ந்த உள்ளூர்ப் பிள்ளை. பள்ளி நாட்களில் ஒரே ஒரு முறைதான் பந்தை அடிக்க முடியாமல் ஸ்ட்ரைக் அவுட் ஆனவர் என்று இன்றும் ஊரில் சொல்லப்படும் கேட்சர் (மட்டையாளருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்). அமெரிக்கக் கால்பந்து ஆட ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் அழைத்திருந்த குவார்ட்டர்பேக், அதாவது அந்த ஆட்டத்தில் அணியின் தாக்குதலை நடத்துபவர். இதில் மகிழ்ந்தவர்கள் இல்லாமலில்லை. அதே செயின்ட் பால் நகரம் டேவ் வின்ஃபீல்டையும் ஜாக் மாரிஸையும் பால் மாலிட்டரையும் தந்திருந்தது. மூவரையும் டிராஃப்டில் வேறு அணிகள் கொண்டுபோயின, மூவரும் வயதேறிய பிறகே ட்வின்ஸ் சீருடையை அணிந்தனர். இம்முறையாவது நம்மூர்ப் பிள்ளை முதலிலிருந்தே நம்முடன் இருக்கிறார் என்ற நிறைவு பலருக்கு இருந்தது. இருந்தாலும் மேலோங்கி ஒலித்தது, "பிரையர் கேட்கும் தொகையைக் கொடுக்க மனமில்லாமல் பக்கத்து ஊர்ப் பையனை எடுத்துவிட்டார்கள்" என்ற குற்றச்சாட்டுதான். பணத்தைப் பொறுத்தவரை அதில் உண்மையும் இருந்தது. மாவருக்கு 51.5 லட்சம் டாலர் போனஸ். இரண்டாவதாகத் தேர்ந்தெடுத்த சிகாகோ கப்ஸ் அணி பிரையருக்குக் கொடுத்த ஐந்தாண்டு ஒப்பந்தம் ஒரு கோடியே ஐந்து லட்சம் டாலர். அந்த ஆண்டு நவம்பரில் இரண்டு அணிகளைக் கலைத்துவிட மேஜர் லீக் உரிமையாளர்கள் 28க்கு 2 என்ற கணக்கில் வாக்களித்தபோது, கலைக்கப்படவிருந்தவற்றில் ஒன்று ட்வின்ஸ் என்றே எல்லோரும் பேசினர். இத்தகைய உரிமையாளரின் கையில் இருந்த அணி ஐம்பது லட்சத்தை மிச்சம் பிடித்தது என்று ஒரு ரசிகர் நினைத்தால், அவரை நான் குறைகூற மாட்டேன்.

அடுத்த சில ஆண்டுகள் ரசிகர்களின் பக்கமே பேசின. 2003இல் பிரையர் 18 போட்டிகளில் வென்று, 245 முறை மட்டையாளர்களை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். கப்ஸ் அணி, மேஜர் லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரின் வாசல் வரை போனது. மாவர் அப்போது இன்னும் மைனர் லீக்கில் இருந்தார். பிறகு காற்று திசைமாறியது. முழங்கையிலும் தோளிலும் அடுத்தடுத்துக் காயம்பட்ட பிரையர், 2006க்குப் பின் மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட வீசவில்லை. அவருடைய மொத்த வெற்றிகள் 42. மாவரோ 2006, 2008, 2009 ஆகிய மூன்று ஆண்டுகளில் லீக்கின் மிகச் சிறந்த மட்டையடிச் சராசரியைப் பெற்றார். வேறெந்தக் கேட்சரும் மூன்று முறை அதை எட்டியதில்லை. 2009இல் .365 சராசரியுடன் லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருதையும் வென்ற அவர், 2024இல் தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே, பேஸ்பால் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றார்.

இதைச் சொல்லி, "பார்த்தீர்களா, ரசிகர்கள் தவறு, அணியே சரி" என்று முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிரையரின் தோள் என்னவாகும் என்பது 2001 ஜூன் மாதத்தில் அணிக்கும் தெரியாது, ரசிகருக்கும் தெரியாது. பின்னால் நடந்ததை வைத்து முன்னால் எடுத்த முடிவை மெச்சுவதும் ஏசுவதும் ஒரே பிழையின் இரண்டு பக்கங்கள். இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. 2010இல் மாவருக்கு எட்டு ஆண்டுகளுக்கு 18.4 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது, அதன் பிறகு கால் வலியாலும், 2013இல் தலையில் பட்ட அடியால் கேட்சர் இடத்தையே விட வேண்டி வந்ததாலும் அவருடைய ஆட்டம் தளர்ந்தபோது, அதே ஊரில் "இவ்வளவு பணத்தை வாங்கிக்கொண்டு என்ன செய்கிறார்?" என்று கேட்டவர்கள் ஏராளம். மலிவானவர் என்று வரவேற்கப்பட்டவர், விலை அதிகமானவர் என்று வையப்பட்டார். இரண்டு முறையும் பேசப்பட்டது உரிமையாளரின் பணப்பை. இரண்டு முறையும் அதன் சுமையைத் தாங்கியவர் மாவர்.

கோபம் முழுக்க முழுக்க நியாயமாக இருந்த தேர்வு ஒன்றும் உண்டு. 2007இல் நான்காவது இடத்தில் இருந்த பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணி, ஜார்ஜியா டெக்கின் கேட்சர் மாட் வீட்டர்ஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் பிட்சர் டேனியல் மாஸ்கோஸைத் தேர்ந்தெடுத்தது. வீட்டர்ஸின் முகவர் ஸ்காட் போராஸ் பெருந்தொகை கேட்பார் என்பது ஊரறிந்த செய்தி. அடுத்த இடத்தில் இருந்த பால்டிமோர் அவரை எடுத்து 60 லட்சம் டாலர் கொடுத்தது. மாஸ்கோஸுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 25 லட்சம். பைரட்ஸ் அணிக்கு அது தொடர்ச்சியான பதினைந்தாவது தோல்வி ஆண்டு. வீட்டர்ஸ் பின்னர் எப்படி ஆடினார் என்பதைப் பார்க்காமலேயே அந்தத் தேர்வைக் குறைகூறலாம், ஏனெனில் மிச்சமான பணத்தால் அணிக்குப் புதிதாக ஒரு திறமையும் வந்து சேரவில்லை. ஆனால் அந்த முடிவை எடுத்தவர் மாஸ்கோஸ் அல்லர். 2011இல் 31 போட்டிகள் மட்டுமே மேஜர் லீக்கில் ஆடிய அவர், அதுவரையிலும் அதன் பிறகும் "வீட்டர்ஸுக்குப் பதிலாக வந்தவர்" என்ற அடைமொழியைச் சுமந்தார். ரசிகர்கள் அவருக்குச் செய்தது அநீதி என்றே கருதுகிறேன்.

2012இல் விதிகள் மாறின. முதல் பத்துச் சுற்றுகளின் ஒவ்வோர் இடத்திற்கும் ஒரு மதிப்புத் தொகை குறிக்கப்பட்டு, அவற்றின் கூட்டுத்தொகை அணியின் செலவு வரம்பானது. வரம்பை ஐந்து சதவீதத்திற்கு மேல் மீறினால் அடுத்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வையே இழக்க நேரும். இதனால் முதல் இடத்தில் குறைவாகக் கொடுத்துவிட்டு, மீந்ததைப் பின்னால் வரும் இன்னொருவருக்குக் கொடுக்கும் வழி திறந்தது. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அதே ஆண்டிலேயே இதைச் செய்தது. பலரும் எதிர்பார்த்த ஸ்டான்ஃபோர்ட் பிட்சர் மார்க் அப்பெல்லை விட்டுவிட்டு, புவேர்ட்டோ ரிக்கோவின் 17 வயது ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்கும் தடுப்பாளர்) கார்லோஸ் கொரேயாவை முதலாவதாக எடுத்து, 72 லட்சம் மதிப்புள்ள இடத்திற்கு 48 லட்சம் மட்டும் கொடுத்தது. மிச்சத்தின் துணையால் 41ஆவது இடத்தில் லான்ஸ் மெக்கல்லர்ஸுக்கு 25 லட்சம் கொடுக்க முடிந்தது. இருவரும் 2017இல் உலகத் தொடரை வென்ற அணியில் இருந்தனர். எதிரணியின் சைகைகளைக் களவாகப் படித்த சைகைத் திருட்டால் அந்தப் பட்டம் கறைபட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை; ஆனால் டிராஃப்ட் கணக்கு அதனால் பொய்யாகிவிடாது.

இந்தப் புதிய விதிகளுக்குப் பிறகும் ரசிகர்கள் பழைய கண்ணாலேயே பார்க்கிறார்கள் என்பதற்கு 2017 சான்று. முந்தைய ஆண்டில் 103 போட்டிகளில் தோற்றதால் ட்வின்ஸ் அணிக்கு மீண்டும் முதலிடம். மணிக்கு நூறு மைல் வேகத்தில் பந்து வீசிய பள்ளி மாணவர் ஹன்டர் கிரீன், வீசவும் அடிக்கவும் வல்ல பிரெண்டன் மெக்கே ஆகியோரை விட்டுவிட்டு, கலிஃபோர்னியப் பள்ளி ஷார்ட்ஸ்டாப் ராய்ஸ் லூயிஸை அணி எடுத்தது. அவருக்கு 67.25 லட்சம் டாலர். இடத்தின் மதிப்போ 77 லட்சத்திற்கும் மேல். கிரீனும் மெக்கேயும் அவரைவிட அதிகம் பெற்றனர். உடனே 2001இன் சொற்கள் அப்படியே திரும்பி வந்தன: போலாட் குடும்பம் மறுபடியும் மிச்சம் பிடிக்கிறது! ஆனால் இம்முறை அந்தப் பணம் குடும்பத்தின் பைக்குப் போகவில்லை. 76ஆவது இடத்தில் பிளேன் என்லோ என்ற பள்ளி பிட்சருக்கு, அந்த இடத்தின் மதிப்பைப் போல இரு மடங்குக்கும் மேலாக, 20 லட்சம் கொடுக்கப்பட்டது. என்லோ ட்வின்ஸ் அணிக்காக ஒரு மேஜர் லீக் போட்டிகூட ஆடவில்லை என்பதால் திட்டத்தின் அந்தப் பாதி பலிக்கவில்லை. அதே ஆண்டில் 35ஆவதாக எடுக்கப்பட்டு, அவ்வளவாகப் பேசப்படாத பிரெண்ட் ரூக்கர், ட்வின்ஸ் அவரை விட்டுக்கொடுத்த பிறகு, 2024இல் ஓக்லண்ட் அணிக்காக 39 ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு அப்பால் அனுப்பும் அடி) அடித்தார். லூயிஸின் வலது முழங்கால் தசைநார் இரண்டு முறை கிழிந்தது. இரண்டையும் கடந்து வந்த அவர், 2023 அக்டோபர் 3 அன்று டொரான்டோவுக்கு எதிராகத் தன் முதல் இரண்டு வாய்ப்புகளிலும் ஹோம் ரன் அடித்து, பருவ முடிவில் நடக்கும் பிளேஆஃப் போட்டிகளில் 2004 முதல் 18 முறை தொடர்ந்து தோற்றிருந்த அணிக்கு வெற்றி தேடித் தந்தார். அந்த மாலையின் மகிழ்ச்சியை இந்த மாநிலத்தில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள், நானும்தான். அதேவேளை, கிரீன் 2024இல் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்திற்குத் தேர்வானதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

திறமையை அன்றே அளந்துவிட முடியும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி போதும். 2009இல், பின்னாளில் பெரும் நட்சத்திரமான மைக் டிரவுட்டின் பெயர் 25ஆவது இடத்தில்தான் அழைக்கப்பட்டது. அவரை எடுத்த ஏஞ்சல்ஸ் அணியே 24ஆவது இடத்தில் வேறொருவரை எடுத்துவிட்டுத்தான் அவரிடம் வந்தது. அவரைப் போலவே நட்சத்திரமான ஆல்பர்ட் புஹோல்ஸ் 1999இல் 402ஆவது ஆள். தொழிலாகவே இதைச் செய்பவர்களின் கணிப்பு இவ்வாறிருக்க, சில நிமிடக் காணொளியைப் பார்த்துவிட்டு ஓர் இளைஞரைப் "பயனற்றவர்" என்று எழுதுவது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதன்று.

ஆகவே உங்கள் அணியின் முதல் தேர்வு உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால், அன்றிரவு அவருடைய பெயரோடு நிற்க வேண்டாம் என்பதே என் பரிந்துரை. அவருக்குப் பின் எடுக்கப்பட்ட பள்ளி மாணவர்களில் கல்லூரிக்குப் போவதாக இருந்தவர்கள் யார் யார் என்று பாருங்கள்; முதல் தேர்வில் மிச்சமான பணம் அவர்களை ஈர்க்கப் போயிருக்கலாம். ஒப்பந்தக் காலக்கெடு முடிந்ததும், வரம்புத் தொகையில் அணி எவ்வளவு செலவிட்டது என்று பாருங்கள். முழுவதையும் செலவிட்டிருந்தால், அணி உங்கள் விருப்பத்திலிருந்து வேறுபட்டது, அவ்வளவுதான். பணத்தை எடுத்து வைத்துக்கொண்டிருந்தால் தாராளமாகக் கோபப்படுங்கள். அணித் தலைமைக்கும் உரிமையாளருக்கும் எழுதுங்கள்.