சுடலைமாடன் கோயிலுக்கு எதிர்த்தாப்புல, வேப்பமரம் நிற்கிற வீடு

கேள்வி: அண்ணாச்சி, என் மகள் பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. பயோஇன்ஃபர்மேடிக்ஸ் கடைசி வருஷம். மார்பகப் புற்றுநோய்ச் செல்லில் ஈஸ்ட்ரோஜன் ரிசப்டர் டி.என்.ஏ.வில் எங்கே போய் ஒட்டும் என்று கம்ப்யூட்டரில் கணிப்பதுதான் புராஜெக்டாம். எழுத்தைத் தேடுகிற வேலைதானே, கண்ட்ரோல் எஃப் தட்டினால் முடிந்துவிடாதா? ராத்திரி ரெண்டு மணி வரை லேப்டாப்பைக் கட்டிக்கொண்டு கிடக்கிறாள். அப்புறம், என் மதினி மார்பகப் புற்றுநோய்க்காக மூன்று வருஷமாகத் தமாக்ஸிஃபென் மாத்திரை சாப்பிடுகிறார். இவள் கண்டுபிடிப்பது அவருக்கு உதவுமா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: தேடுவது சுலபம்தான், தங்கச்சி. கிடைத்ததில் எது நிஜம் என்பதில்தான் ராத்திரி போகிறது.

டி.என்.ஏ. என்பது ஏ, சி, ஜி, டி என்ற நாலே எழுத்தில் எழுதின நீள வரி. ஈஸ்ட்ரோஜன் ரிசப்டர் என்பது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு, டி.என்.ஏ.வில் ஒட்டி ஜீன்களை முடுக்கிவிடுகிற புரதம். அந்த ரிசப்டருக்குப் பிடித்த எழுத்து வரிசை ஜிஜிடிசிஏ, நடுவில் எதுவானாலும் மூன்று எழுத்து, பிறகு டிஜிஏசிசி. டி.என்.ஏ.வுக்கு இரண்டு இழை, ஏ-க்கு எதிரே டி, ஜி-க்கு எதிரே சி நிற்கும்; அந்த எதிர் இழையில் திருப்பிப் படித்தாலும் இதே வரிசைதான் வரும், நம்ம மாலைமாற்று மாதிரி. ரிசப்டர் ஜோடியாக வந்து ஆளுக்கொரு பாதியைப் பிடித்துக்கொள்கிறது. சரி, கணக்குப் போடுங்கள். பத்து எழுத்தும் தற்செயலாக அமைய சுமார் 10 லட்சத்தில் ஒரு வாய்ப்பு. மனித ஜீனோமில், அதாவது நம்ம மொத்த டி.என்.ஏ.வில், 300 கோடி எழுத்து. ஆக சும்மாவே 3,000 இடம் மாட்டும். உடம்பு அவ்வளவு கறார் கிடையாது, ஓர் எழுத்து மாறினாலும் பல இடத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அதையும் சேர்த்தால் 90,000-க்குப் பக்கம் போய்விடும். அதனால்தான் இந்த இடத்தில் ஜி வந்தால் இத்தனை மார்க், ஏ வந்தால் மார்க் குறைவு என்று ஒரு அட்டவணை வைத்து ஒவ்வொரு இடத்துக்கும் மார்க் போடுகிறார்கள். உங்கள் மகள் திரையில் நாலு வரிசையில் எண்கள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான்.

அப்படியும் தீராது. யாரோ ஒருவர் "சுடலைமாடன் கோயிலுக்கு எதிர்த்தாப்புல, வேப்பமரம் நிற்கிற வீடு" என்று வழி சொன்னால் நம்ம ஜில்லாவில் எந்த ஊரில் போய் இறங்குவீர்கள்? ஊருக்கு ஊர் அப்படி ஒரு வீடு இருக்கும், பாதி பூட்டிக் கிடக்கும். டி.என்.ஏ.வும் புரதத்தில் இறுக்கிச் சுற்றித்தான் கிடக்கிறது. சுற்றின இடத்தில் எழுத்து சரியாக இருந்தும் பெரும்பாலும் பிரயோஜனம் இல்லை. மார்பகச் செல்லில் ஃபாக்ஸ்ஏ1 என்றொரு புரதம் முன்னால் போய்க் கதவைத் திறக்கிறது, ரிசப்டர் பின்னால் நுழைகிறது. எந்தக் கதவு திறந்திருக்கும் என்பது செல்லுக்குச் செல் மாறும். இன்னொரு கூத்து: ஒட்டும் இடங்கள் ஜீனின் வாசலிலேயே, அதாவது ஜீன் தொடங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, இருக்கும் என்றுதான் முன்பு தேடினார்கள், ஆனால் 2006-ல் ஜீனோம் முழுக்கத் துழாவிப் பார்த்தபோது மிகச் சிலதான் வாசலில் இருந்தன, மற்றதெல்லாம் எங்கோ தள்ளி. ஆகவே அவளிடம் "எந்தச் செல்லின் டேட்டா வைத்துச் சரிபார்த்தாய்?" என்று கேளுங்கள். அசந்துவிடுவாள்.

மதினி விஷயம். தமாக்ஸிஃபென் அந்த ரிசப்டரிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. ரிசப்டர் டி.என்.ஏ.வில் ஒட்டும், ஆனால் மார்பகச் செல்லில் ஜீனை முடுக்காது. அதே மாத்திரை கர்ப்பப்பையில் ஓரளவு ஈஸ்ட்ரோஜன் மாதிரியே நடந்துகொள்ளும். மாணவி புராஜெக்டால் அவர் மாத்திரையில் எதுவும் மாறப்போவதில்லை. டாக்டர் சொல்லாமல் ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம். மாதவிலக்கு நின்றபிறகு ரத்தப்போக்கு வந்தால் மட்டும் கூச்சப்பட்டு மறைக்காமல் உடனே போய்க் காட்டச் சொல்லுங்கள்.